ஏ9 வீதியோரத்து உயர்தர உணவகத்தில் முதல் வேலை: முள்ளியவளையிலிருந்து ஒரு கேள்வி

2025 யூன் 7 – வாசகர் கேள்வி

நான் முள்ளியவளையைச் சேர்ந்தவன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறேன். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் புதிதாகத் திறக்கவிருக்கும் உயர்தர உணவகம் ஒன்றில் பரிமாறும் வேலைக்கு என்னை எடுத்திருக்கிறார்கள். யூலை முதலாம் திகதி வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்படியான இடத்தில் நான் ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆங்கிலம் ஓரளவுதான் வரும். "எச்சிற் கோப்பை தூக்கவா உன்னைப் படிப்பித்தேன்" என்று அம்மா அழுகிறார். இந்த வேலை கொழும்பில் படித்த பிள்ளைகளுக்குத்தான் சரிவரும், வன்னிப் பிள்ளைகள் ஒரு மாதம் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது உண்மையா?

2025 யூன் 8

உண்மையில்லை. நீர்கொழும்பிலும் கொழும்பிலும் மேசைகளுக்கு இடையில் நின்று தொழில் பழகி, இப்போது வவுனியாவில் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அதையே பழக்கிக்கொண்டிருப்பவன் என்ற வகையில் இதைச் சொல்கிறேன். வன்னிப் பிள்ளைகள் வேலையை விட்டுப் போனதைக் கண்டிருக்கிறேன். ஆனால் ஆங்கிலம் தெரியாததால் போனவரைக் கண்டதில்லை. இரவு வேலை முடிந்தபின் வீடு திரும்ப வழியில்லாமலும், சொன்ன சம்பளம் கைக்கு வராமலும், எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கிய அவமானம் தாங்காமலும் போனவர்களே அதிகம். இம்மூன்றையும் வேலைக்குச் சேரும் முன்பே ஓரளவு கேட்டறிந்துகொள்ளலாம்.

உங்கள் உணவகத்துக்கு யார் வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். கனடாவிலிருந்தும் சுவிசிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வரும் நம்முடைய குடும்பங்கள் வரும். யாழ்ப்பாணத்துக்கும் நயினாதீவுக்கும் போகும் தெற்கத்தைய பயணிகள் வருவார்கள். அரச அலுவலர்களும் வங்கியில் வேலை செய்பவர்களும், பிறந்தநாள் கொண்டாட வரும் உள்ளூர்க் குடும்பங்களும் வருவார்கள். இவர்களில் பெரும்பாலோருடன் பேச வேண்டியது தமிழில், அடுத்தபடியாகச் சிங்களத்தில். ஆங்கிலம் மூன்றாவதாகத்தான் வரும். மேசையில் தேவைப்படும் ஆங்கில வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வருபவை என்பதால் நாவில் ஏற அதிக காலம் பிடிக்காது.

2025 யூன் 8, இரவு

அம்மா சொன்னதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும் என்று தோன்றியது. அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் இத்தொழிலுக்குள் நானும் வந்தேன். அதைச் சொல்லும் தாய்மாரிடம் எனக்குக் கோபமில்லை. இடம்பெயர்ந்து முகாம்களில் வரிசையில் நின்று சாப்பாடு வாங்கிய ஒரு தலைமுறை, தன் பிள்ளை இன்னொருவரின் கோப்பையைத் தூக்கக் கூடாது என்று நினைப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. அம்மாவோடு வாதாடாதீர்கள். முதல் மாதச் சம்பளத்தைக் கையில் கொடுக்கும்போது, சேமலாப நிதியில் உங்கள் பெயரில் கணக்கு இருப்பதையும் காட்டுங்கள். கடையில் நின்றாலும் வயலில் கூலிக்குப் போனாலும் பெரும்பாலும் கிடைக்காத ஒன்று அது.

2025 யூன் 11

வேலைக்குச் சேரும் முன்பு கேட்டுக்கொள்ள வேண்டியவை பற்றிப் பலர் எழுதச் சொன்னீர்கள்.

முதலில் நியமனக் கடிதம். "பிறகு தருவோம்" என்றால், எப்போது என்று திகதி கேளுங்கள். நாட்டின் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2025 ஏப்ரலிலிருந்து அவ்வாண்டு முடியும்வரை 27,000 ரூபாவாக இருந்தது. அடிப்படைச் சம்பளம் நடப்பிலுள்ள ஆகக்குறைந்த சம்பளத்துக்குக் கீழே இருந்தால், சேவைக் கட்டணத்தில் சரிக்கட்டுவோம் என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் கழிக்கப்படும், முதலாளி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 சதவீதம் செலுத்த வேண்டும்.

இரண்டாவது சேவைக் கட்டணம். விருந்தினருக்குக் கொடுக்கும் பில்லில் வழக்கமாக 10 சதவீதம் என்று சேர்க்கப்படுவது அதுதான். அதன் கீழே வரும் 18 சதவீதப் பெறுமதிசேர் வரி அரசாங்கத்துக்குப் போவது. அதற்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை. சேவைக் கட்டணம் மாத முடிவில் ஊழியரிடையே புள்ளி முறையில் பங்கிடப்படுவதே பல இடங்களின் வழக்கம். புதியவருக்குக் குறைந்த புள்ளி, பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கப்டனுக்குக் கூடிய புள்ளி என்றிருக்கும். சில இடங்களில் பழகுகாலம் முடியும்வரை புதியவருக்குப் பங்கே இல்லை. எத்தனை புள்ளி, எப்போதிருந்து, குசினிக்கும் பங்கு உண்டா, உடைந்த கண்ணாடிக்கு அதிலிருந்து கழிப்பார்களா ஆகிய நான்கையும் மரியாதையாகக் கேளுங்கள். கேட்டதற்காக வேலை தராத இடமென்றால், அங்கே போகாமல் விட்டது நல்லதென்றே நான் சொல்வேன்.

மூன்றாவது நேரம். கடை மற்றும் காரியாலய ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வகுத்திருக்கிறது. அதற்கு மேலே செய்வது மேலதிக நேரம், அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். உணவகங்களில் மதியம் ஒரு பகுதி, பிறகு இடைவேளை, இரவு மறுபகுதி என்று வேலையைப் பிரித்துப் போடுவதுண்டு. கிளிநொச்சி நகரில் வீடுள்ளவருக்கு அது சரிவரும். முள்ளியவளையிலிருந்து வருபவர் அந்த இடைவேளையை எங்கே கழிப்பார்? தங்குமிடம் தருகிறார்களா என்பதை இப்போதே கேட்டுவிடுங்கள்.

2025 யூன் 12

மேலே உள்ள குறிப்பில் விட்டுப்போன ஒன்று: மருத்துவப் பரிசோதனை. உணவைக் கையாள்பவர்களின் மருத்துவச் சான்றிதழைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்பார். நல்ல இடமென்றால் சேர்வதற்கு முன்பே உங்களை அனுப்பிப் பரிசோதிப்பிப்பார்கள்.

2025 யூன் 15

இனி வேலையைப் பற்றி. விருந்தினர் வந்தபின் நடப்பதை மட்டுமே வெளியிலிருப்பவர்கள் பார்க்கிறார்கள். கதவு திறப்பதற்கு முந்திய இரண்டு மணித்தியாலத்தில் செய்தவை ஒழுங்காக இருந்தால்தான் இரவு ஒழுங்காகப் போகும் என்பதைப் புதியவர் முதல் வாரத்திலேயே உணர்ந்துவிட வேண்டும்.

கண்ணாடி துடைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாளியில் கொதிநீர் வைத்து, கழுவிய வைன் கிளாஸை அதன் மேலே தலைகீழாகப் பிடித்து ஆவி படர விட வேண்டும். பிறகு பஞ்சு உதிராத துணியின் ஒரு முனையால் கிண்ணப் பகுதியைப் பிடித்து, மறுமுனையை உள்ளே விட்டுப் பெருவிரலால் சுழற்றித் துடைக்க வேண்டும். அடித்தட்டை ஒரு கையாலும் கிண்ணத்தை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் தண்டு ஒடிந்து கைக்குள் ஏறும். இத்தொழிலில் கை வெட்டுப்படுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதுவும் அவசரத்தில்தான். துடைத்து முடித்ததை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, வாய் வைக்கும் விளிம்பில் விரல் படாமல் தண்டைப் பிடித்து மேசையில் வைக்க வேண்டும். இதை யாரும் பாராட்ட மாட்டார்கள். ஆனால் விளிம்பில் உதட்டுச் சாயத்தின் கறை ஒன்று மிஞ்சியிருந்தால், அந்த மேசை அந்த இரவில் வேறெதையும் நினைவில் வைத்திருக்காது.

முள்ளுக்கரண்டியும் கத்தியும் சாப்பாடு வரும் ஒழுங்கில் வெளியிலிருந்து உள்ளே எடுக்கும்படி வைக்கப்படும். மேசையின் ஓரத்திலிருந்து ஒரு பெருவிரல் மொழி அளவு உள்ளே தள்ளி, எல்லாவற்றின் அடியும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கதிரையில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். விருந்தினரின் கண்ணுக்கு எது படும் என்பது நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை.

2025 யூன் 16

சப்பாத்து பற்றி ஒருவர் கேட்டிருந்தார். வழுக்காத இறப்பர் அடியுள்ளதாக, அரை அளவு பெரிதாக, மாலையில் வாங்குங்கள். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அப்போது சரிவருவதே இரவு முழுவதும் சரிவரும்.

2025 யூன் 21

"சாப்பாட்டை வலப்பக்கத்தால் வைக்க வேண்டுமா, இடப்பக்கத்தால் வைக்க வேண்டுமா" என்று இங்கே இரண்டு நாட்களாக விவாதம் நடக்கிறது. இருவர் சொல்வதிலும் சரியிருக்கிறது. பெரிய தட்டத்திலிருந்து எடுத்துப் பரிமாறும் முறையில் விருந்தினரின் இடப்பக்கம் நின்று, தட்டத்தை இடது கையில் தாங்கி, வலது கையால் பரிமாறுவார்கள். குசினியிலேயே கோப்பையில் போட்டு அலங்கரித்து வருவதைப் பல உணவகங்கள் வலப்பக்கத்தால் வைக்கின்றன, சில இடப்பக்கத்தால் வைக்கின்றன. பானம் எப்போதும் வலப்பக்கத்தால், ஏனென்றால் கிளாஸ் அங்கேதான் இருக்கிறது. உங்கள் உணவகம் எந்த முறையைப் பிடிக்கிறதோ அதை எல்லா மேசையிலும் ஒரே மாதிரிச் செய்வதுதான் முக்கியம்.

ஆனால் பாடப்புத்தகங்களில் இல்லாத ஒன்று நம்முடைய ஊரில் உண்டு. இடப்பக்கத்தால் கோப்பை வைக்கும் முறையில் இடது கையால் வைக்கச் சொல்லிக் கொடுப்பார்கள், விருந்தினரின் முகத்துக்குக் குறுக்கே முழங்கை போகக் கூடாது என்பது அதற்குக் காரணம். நம்முடைய முதியவர்களுக்கு இடது கையால் சோறு வைப்பது அவமதிப்பு. கரைச்சியிலிருந்து வந்த ஒரு பெரியவர், பேரனின் பிறந்தநாள் விருந்தில், இடது கையால் வைக்கப்பட்ட கோப்பையைத் தொடாமலே கடைசிவரை இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் பழக்கும் பிள்ளைகளுக்கு அதன் பிறகு, எந்தப் பக்கத்தால் போனாலும் வலது கையால்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். கொழும்பிலிருந்து வந்த பயிற்றுநர் ஒருவர் இதை ஆட்சேபித்தார், காரணத்தைச் சொன்னதும் ஏற்றுக்கொண்டார். உங்கள் கப்டனிடமும் இதைப் பேசிப் பாருங்கள். கொழும்பில் படித்து வருபவருக்குத் தெரியாத, உங்களுக்குப் பிறப்பிலேயே தெரிந்த அறிவு இது.

2025 யூன் 24

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கை, இதே வேலைக்குத் தனக்கும் அழைப்பு வந்திருப்பதாகவும், இரவில் எப்படித் திரும்புவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார். நான் 11ஆம் திகதி எழுதியதில் இரவுப் பயணத்தைத் தங்குமிடத்தோடு சேர்த்து ஒரு வரியில் கடந்துவிட்டேன். பெண்பிள்ளைகளைப் பொறுத்தவரை அது முதலாவது கேள்வி. இரவு பத்தரைக்கு மேசை ஒழிந்து, துப்புரவு முடிந்து வெளியே வந்தால், பரந்தன் வீதியில் புதுக்குடியிருப்புக்கோ, மாங்குளத்தில் திரும்பி ஒட்டுசுட்டானுக்கோ போக பஸ்ஸை நம்பியிருக்க முடியாது. காட்டு யானை வீதிக்கு வரும் பகுதிகளில் மோட்டார் சைக்கிளில் தனியே போவதும் நல்லதல்ல. நிறுவனத்தின் வாகனம் வீட்டு வாசல்வரை வருமா, அல்லது பெண்களுக்கெனத் தனியான, பொறுப்பாளர் உள்ள தங்குமிடம் இருக்கிறதா என்பதை எழுத்தில் பெறுங்கள். இரண்டும் இல்லையென்றால் பகல் முறைக்கு மட்டும் வருவதாகச் சொல்லுங்கள்.

2025 யூலை 6

கேள்வி கேட்ட தம்பி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சேர்ந்த நாளிலிருந்து துவாய் மடிப்பதும் கரண்டி துடைப்பதும் மேசை நகர்த்துவதும்தான் வேலை, விருந்தினர் பக்கமே விடவில்லை என்று மனம் சோர்ந்து எழுதியிருக்கிறார்.

தம்பி, உங்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். அந்த நாட்களில் கண்ணையும் காதையும் திறந்து வைத்திருங்கள். மேசை இலக்கங்களை மனனம் செய்யுங்கள். ஒவ்வொரு மேசையிலும் எந்தக் கதிரை முதலாவது என்று உங்கள் உணவகம் கணக்கெடுக்கிறதென்று கேளுங்கள். பெரும்பாலும் வாசலுக்கோ குறித்த ஒரு சுவருக்கோ முதுகைக் காட்டும் கதிரை முதலாவதாக இருக்கும், அங்கிருந்து கடிகாரச் சுற்றில் எண்ணுவார்கள். ஓடர்ச் சீட்டில் அந்த இலக்கத்தோடு எழுதினால்தான், கோப்பையைக் கொண்டுவரும் இன்னொருவர் "நண்டு யாருக்கு?" என்று மேசையில் ஏலம் போடாமல் நேரே வைக்க முடியும். குசினிக்குள் போகும் கதவு எது, வரும் கதவு எது என்பதும், சூடான சட்டியோடு பின்னால் வருபவர் என்ன குரல் கொடுப்பார் என்பதும் உங்கள் உடம்பில் ஊற வேண்டும். பயிர் வைக்கும் முன்பு வாய்க்காலில் நடந்து பார்த்துவிடும் கமக்காரனைப் போல அந்த மண்டபத்தை இப்போதே நடந்து படியுங்கள்.

2025 யூலை 13

மெனு அட்டையை மனனம் செய்து முடித்ததாகத் தம்பி எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. அட்டையில் எழுதாததையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நந்திக்கடல் இறால் என்று அட்டையில் இருந்தால், இன்று வந்தது உண்மையில் நந்திக்கடலிலிருந்தா என்று ஒவ்வொரு நாளும் குசினியில் கேளுங்கள். முல்லைத்தீவுப் பிள்ளையான நீங்கள் அதைச் சொல்லும்போது விருந்தினர் நம்புவார்கள், ஆகவே பொய்யாகச் சொல்லக் கூடாது. கூழ் இருக்கிறதா? அதற்குள் மீனும் நண்டும் இறாலும் சேர்ந்து கிடக்கின்றன என்பது நமக்குத் தெரியும், ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கின் மா) என்றால் என்னவென்றே அறியாத பயணிக்குத் தெரியாது. அவருக்கு நண்டு ஒவ்வாது என்றால் அதைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். சைவம் என்று சொல்பவருக்கு வைக்கும் சம்பலில் மாசிக் கருவாடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தெற்குச் சமையற்காரர்கள் தேங்காய்ச் சம்பலுக்கு மாசி போடுவது வழக்கம், அவர்களுக்கு அது மச்சமாகத் தோன்றாமல் போய்விடும். வரப்போகும் நல்லூர்த் திருவிழா நாட்களில் இந்தக் கேள்வி ஒவ்வொரு மேசையிலும் வரும். மீன் பொரித்த அதே எண்ணெயில் பொரித்ததா என்றும் கேட்பார்கள்.

எங்களிடம் பழகிய ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். கனடாவிலிருந்து வந்த ஒரு தாய், தன் மகனுக்குக் கச்சான் ஒவ்வாது என்று சொல்லிவிட்டு வட்டிலப்பம் கேட்டார். வட்டிலப்பத்தில் கஜுதான் போடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பிள்ளை அப்படிச் சொல்லிவிடவில்லை. "ஒரு நிமிடம் பொறுங்கள், கேட்டு வருகிறேன்" என்று குசினிக்குள் போனார். அன்று கஜு முடிந்துபோனதால் மேலே தூவியிருந்தது வறுத்த கச்சான். அவர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரங்கூட ஆகியிருக்கவில்லை, ஆங்கிலமும் தடுமாற்றம்தான். அந்த இரவு எங்கள் உணவகத்தில் அவரைவிடத் திறமான பரிமாறுநர் யாரும் இருக்கவில்லை.

2025 யூலை 14

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "தெரியாது என்று சொன்னால் மரியாதை குறைந்துவிடாதா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். "தெரியாது" என்று சொல்லி நின்றுவிட்டால் குறையும். கேட்டு வந்து சொன்னால் கூடும்.

2025 யூலை 27

கையால் சாப்பிடுபவர்களைப் பற்றி. உயர்தர உணவகம் என்றவுடன் நம்முடைய ஆட்கள் முள்ளுக்கரண்டியைப் பார்த்துத் தயங்குவதை நான் மன வருத்தத்தோடு பார்த்துவருகிறேன். சோறும் நண்டுக் கறியும் கேட்டுவிட்டு, பக்கத்து மேசையைப் பார்த்துக்கொண்டு, கரண்டியால் நண்டுக்காலோடு போராடுவார்கள். நீங்கள் அங்கே செய்யக்கூடியது உண்டு. நண்டு வைக்கும்போதே, கேட்காமலே, தேசிக்காய்த் துண்டு மிதக்கும் இளஞ்சூட்டு நீர்க் கிண்ணத்தையும் ஒரு துவாயையும் வலப்பக்கம் வையுங்கள், ஓடு உடைக்கும் குறடையும் ஓடு போட ஒரு வெறுங் கோப்பையையும் சேர்த்து வையுங்கள். கை கழுவும் இடத்தைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிடுங்கள். அவ்வளவில் அந்தக் குடும்பம் தளர்ந்து உட்காரும். கிண்ணத்து நீரைக் குடிப்பதற்கு எடுத்துவிடுவார்களோ என்று பயந்தால், வைக்கும்போது "கை நனைக்க" என்று ஒரு சொல் சொன்னால் போதும்.

உணவக உரிமையாளர்களுக்கு உங்கள் மூலம் ஒரு யோசனை: வேனில் மாதங்களில் வன்னிக் காட்டில் பாலைப்பழம் வரும்போது, அதை அட்டையில் சேர்க்கச் சொல்லுங்கள். உதட்டில் பால் ஒட்டும் அந்தப் பழத்தை ஒரு சிறு கிண்ணத்தில் கண்டால், பல ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள் வேறு எந்த இனிப்பையும் கேட்க மாட்டார்கள்.

2025 ஓகஸ்ட் 3

சிங்களத்தைப் பற்றி முதற் குறிப்பில் தொட்டுவிட்டுப் பிறகு மறந்துவிட்டேன். ஆங்கிலத்துக்கு வகுப்பு தேடும் தம்பிமார், உணவகத்தில் கூட வேலை செய்யும் சிங்களச் சமையற்காரரிடம் ஒவ்வொரு நாளும் சிறிது சிங்களம் பழகிக்கொண்டால் இன்னும் விரைவாகப் பயன் தரும். காரம் வேண்டுமா, குறைக்கவா, தண்ணீர் போத்தலா சாதாரணமா, பில் கொண்டுவரவா என்பவற்றை முதலில் பழகுங்கள். பௌர்ணமி விடுமுறை நாளில் மதுபானம் விற்க முடியாது என்பதையும், 21 வயதுக்குக் குறைந்தவருக்கு எந்த நாளும் கொடுக்க முடியாது என்பதையும் மூன்று மொழியிலும் பணிவாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதிகமான வாக்குவாதம் எழுவது அங்கேதான். குரலை உயர்த்தாமல் ஒருமுறை சொல்லிவிட்டுக் கப்டனை அழையுங்கள். புதியவர் தனியே நின்று அதைத் தாங்க வேண்டியதில்லை.

2025 ஓகஸ்ட் 12

தம்பியின் முதல் மாதச் சம்பளச் சிட்டையில் அடிப்படைச் சம்பளமும் சேமலாப நிதிக் கழிவும் சரியாக இருக்கின்றன, சேவைக் கட்டணம் என்ற வரியில் பூச்சியம் என்றிருக்கிறது. பேசும்போது இரண்டாவது மாதத்திலிருந்து என்று சொன்னார்களாம், நியமனக் கடிதத்தில் பழகுகாலம் முடிந்தபின் என்றிருக்கிறதாம்.

கடிதத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு, மதியத்துக்கும் இரவுக்கும் இடைப்பட்ட அமைதியான நேரத்தில் முகாமையாளரைத் தனியே பாருங்கள். உங்களோடு சேர்ந்த மற்றவர்களையும் முன்கூட்டிக் கேட்டு, அவர்களுக்கும் வாயால் அப்படித்தான் சொல்லப்பட்டதென்றால், இருவராக அல்லது மூவராகப் போங்கள். "எங்களுக்கு இரண்டாம் மாதம் என்று சொல்லப்பட்டது, கடிதத்தில் வேறாக இருக்கிறது, எது சரியென்று எழுத்தில் தாருங்கள்" என்பதற்கு மேலே ஒன்றும் வேண்டாம். சிட்டைகளை எறியாமல் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். பேசியும் சரிவராவிட்டால் மாவட்டத் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம், அதற்கு அந்தச் சிட்டைகளும் கடிதமும் வேண்டும். முகாமையாளர் என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுதுங்கள், புதுக்குடியிருப்புத் தங்கை இன்னும் கையெழுத்திடாமல் காத்திருக்கிறார்.